டீம் பிரித்துவிட்டால் மட்டும் போதுமா?

இரண்டு வருடம் முன்பு, மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. 4 பேர் டீம். அறிக்கை நன்றாகவே இருந்தது. ஆனால் கேள்வி கேட்டால் ஒரு மாணவி மட்டும்தான் பதில் சொல்கிறார். மனசுக்கு உறுத்தியது. கூகுள் டாக்ஸில் அந்தக் கோப்பின் பதிப்பு வரலாற்றைத் திறந்து பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்த ஒரே பெயர். நேரம் பெரும்பாலும் இரவு 1 மணி, 2 மணி. மற்ற மூவரும் கடைசி நாளில் வந்து தங்கள் பெயரையும் பதிவெண்ணையும் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

திட்டுவதற்காகத்தான் மூவரையும் கூப்பிட்டேன். பேசப் பேச வேறு கதை வந்தது. ஒரு மாணவி ஹாஸ்டல். அங்கே இரவு 9 மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். டீம் மீட்டிங்கோ தினமும் 10 மணிக்கு. இன்னொரு பையன் முதல் வாரமே குரூப்பில் "நான் எதைப் பண்ணட்டும்?" என்று கேட்டிருக்கிறான். எல்லாருக்கும் நீல டிக். யாரும் பதில் போடவில்லை. அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாவது பையன் மட்டும், "அவ எப்படியும் முடிச்சிடுவான்னு விட்டுட்டேன் சார்" என்று ஒத்துக்கொண்டான். எல்லாவற்றையும் தனியாகச் சுமந்த அந்தப் பெண் சொன்னது: "யாரும் ஒண்ணும் சொல்லல சார். எனக்குப் பயமா இருந்துச்சு, நானே செஞ்சுட்டேன்."

இதில் மூன்றாவது பையனைத் தவிர யாரைக் குறை சொல்வது? தப்பு ஆசிரியர்களாகிய எங்களுடையது. டீம் பிரித்துக் கொடுத்தோம், தலைப்புக் கொடுத்தோம், தேதி கொடுத்தோம். ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையை எப்படிச் சேர்ந்து செய்வது என்று ஒரு பீரியடாவது சொல்லிக் கொடுத்தோமா?

ஒரே வகுப்புதானே, நேரில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நாலரைக்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். ஒருவர் துறையூர் பஸ், ஒருவர் மணப்பாறை பஸ். அதற்குப் பிறகு டீம் என்பது போனுக்குள்தான் இருக்கிறது. நாளை வேலைக்குப் போனாலும் இதே கதைதான், இன்னும் கடினமாக. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் டீம்காரருக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. "சார், எரர் வருது" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுத் தூங்கப் போனால், "என்ன எரர்?" என்ற கேள்விதான் காலையில் காத்திருக்கும். ஒரு நாள் போச்சு.

அதனால் இப்போதெல்லாம் ப்ராஜெக்டின் முதல் வகுப்பில் கோடிங்கே கிடையாது. டீமாக உட்கார்ந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். யார் எந்த நேரத்தில் ஆன்லைனில் இருக்க முடியாது, கேள்வி கேட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில், எடுத்த முடிவை எங்கே எழுதி வைப்பது. அப்புறம் மெசேஜ் எழுதும் பயிற்சி. இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். "லாகின் பக்கம் முடிந்தது. தவறான பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே விடுகிறது, காரணம் பிடிபடவில்லை. இன்று மாலை 6 மணிக்குள் யாராவது பார்த்தால் நாளை அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்." இப்படி மூன்று வரி எழுத வைப்பதற்குள் இரண்டு வாரம் ஆகிறது. ஆனால் வந்துவிடுகிறது.

கோடில் யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட் என்ற கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள் சேர்ந்து வேலை செய்ய, 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. நாம் அதன் கட்டளைகளைச் சொல்லித் தருகிறோம். ஒவ்வொரு மாற்றத்தோடும் என்ன செய்தோம் என்று எழுதும் கமிட் மெசேஜில் பிள்ளைகள் "அப்டேட்", "அப்டேட் 2" என்று போட்டால் கண்டுகொள்வதில்லை.

இதற்கு அழகான முன்மாதிரி நம் மொழியிலேயே இருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. தமிழ்நாடு, இலங்கை, கனடா என்று நேரில் பார்த்தே இராத பலர் சேர்ந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏன் செய்தேன் என்று சுருக்கம் எழுத ஒரு கட்டம். கருத்து வேறுபாடு வந்தால் பேச்சுப் பக்கம். பொது விஷயம் பேச 'ஆலமரத்தடி'. என் மாணவர்களை ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தை முழுக்கப் படிக்கச் சொல்கிறேன். எப்படி மறுத்துப் பேசுகிறார்கள், எப்படி விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கட்டும்.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆன்லைன் மீட்டிங்கில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற நாளில் பாதிப் பேர் மைக்கையே திறக்க மாட்டார்கள். தமிழில் பேசுங்கள், முடிவை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றேன். அதுவரை குரலே கேட்டிராத பிள்ளைகள் பேசினார்கள்.

20 மதிப்பெண்ணில் 5-ஐ இந்த எழுத்துக்கும் ஒழுங்குக்கும் என்று ஒதுக்கியிருக்கிறேன். அறிக்கை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், ஒருவரே சுமந்ததாகத் தெரிந்தால் அந்த 5 யாருக்கும் இல்லை. சுமந்தவருக்கும்தான். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் "எனக்கு முடியவில்லை, உதவி வேண்டும்" என்று முதல் வாரத்திலேயே சொல்ல அந்தப் பெண்ணுக்கு யாராவது கற்றுக் கொடுத்திருந்தால், இரவு 2 மணிக்கு அவர் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

அடுத்த செமஸ்டருக்கு டீம் பிரிக்கப்போகும் ஆசிரிய நண்பர்களே, தலைப்பைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பீரியடை இதற்குக் கொடுங்கள். ஹாஸ்டல் பிள்ளைகளின் போன் நேரத்தையும் முதலில் கேட்டுவிடுங்கள்.