முறை வராத கேள்விகள்

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் நடைமுறை விதிகளைத் திருத்த வேண்டும் என்று நான் பேச்செடுத்தாலே நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். "விலைவாசியைப் பற்றி எழுது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விலையைப் பற்றி எழுது, விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். அந்த விலைவாசியைப் பற்றி ஓர் உறுப்பினர் அமைச்சரை நேருக்கு நேர் கேட்க முடியுமா, முடியாதா என்பதையே அந்த விதிகள்தான் தீர்மானிக்கின்றன. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அமர்வில் அதற்கு ஒன்றரை மணி நேரம். ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு 5 கேள்விகள் வரை எழுதித் தரலாம், அவற்றில் 3 மட்டுமே வாய்மொழிப் பதிலுக்கு. வழக்கமான கேள்வியென்றால் ஏழு நாளைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். 2025 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே 97 பேர். தொகுதியில்லா உறுப்பினர்களும் (தோற்றாலும் கூடுதல் வாக்கு பெற்றதால் இடம் பெறும் எதிர்க்கட்சியினர்) நியமன உறுப்பினர்களும் (தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படுபவர்கள்) அதற்கு மேல். இத்தனை பேரின் கேள்விகளும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குமா? அமைச்சர்கள் ஒரே விஷயத்தைப் பற்றிய பல கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லிப் பார்க்கிறார்கள். அப்படியும் பட்டியலில் பின்னால் இருப்பவை அப்படியே நின்றுவிடுகின்றன.

நின்றுபோனவற்றின் கதி என்ன? நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கையைத் திறந்து பாருங்கள். கேள்வி நேரம் முடிகிற இடத்தில், பகர அடைப்புக்குள் ஒரு குறிப்பு இருக்கும். நிலையாணை (மன்றத்தின் நடைமுறை விதி) 22(3)-இன்படி, நேரம் முடிவதற்குள் முறை வராத கேள்விகளுக்கு, உறுப்பினர் வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கவோ மீட்டுக்கொள்ளவோ கேட்காவிட்டால், எழுத்துபூர்வ பதில் பின்னிணைப்பில் தரப்படும் என்று சொல்லும் குறிப்பு அது. அங்கிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனால் அந்தப் பதில்கள் வரிசையாகக் கிடக்கும். எத்தனை பேர் அதுவரை போய்ப் படிக்கிறோம்?

பதில்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். கேள்வி நேரத்தின் உயிரே துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. முதல் பதில் அதிகாரிகள் உட்கார்ந்து தயாரித்தது; அமைச்சர் வாசிக்கிறார். அதற்குப் பிறகு உறுப்பினர் எழுந்து, "சரி, இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? காரணம் என்ன?" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. எழுத்துபூர்வ பதிலில் அந்த இடமே கிடையாது. மறுபடி கேட்க வேண்டுமானால் புதிதாகக் கேள்வி எழுதி, அடுத்த அமர்வு வரும்வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக மாதத்துக்கு ஒரு முறைதான் மன்றம் கூடுகிறது.

என் அண்டை வீட்டு அக்கா ஒருவர், படுக்கையில் கிடக்கும் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர். தொகுதி உறுப்பினர் குடியிருப்பாளர்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்புக்குப் போய்த் தன் நிலைமையைச் சொன்னார். உறுப்பினரும் அக்கறையோடு அதைக் கேள்வியாகவே எழுதிக் கொடுத்தார். முறை வரவில்லை. எழுத்தில் வந்த பதிலை அக்காவின் மகன் கைப்பேசியில் எடுத்து, ஆங்கிலத்திலிருந்து வரி வரியாகச் சொன்னான். இருக்கிற திட்டங்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. "தம்பி, இதெல்லாம் எனக்குத் தெரியும்பா. நான் கேட்டது வேற. எனக்கு ஏன் கிடைக்கலைன்னுதானே கேட்டேன்?" என்றார் அக்கா. ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்டிருந்தால் அது அவையில் பதிவாகியிருக்கும்.

தமிழ் பேசும் நமக்கு இதில் இன்னோர் இழப்பும் உண்டு. மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் மன்றத்தில் பேசலாம் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அவையில் பேசப்படுவதற்கு உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. அது இரவுச் செய்தியில் வரும், மறுநாள் தமிழ் முரசில் வரும், வீட்டில் பேச்சாகும். எழுத்துபூர்வ பதிலோ ஆங்கிலத்தில் வந்து அதோடு நின்றுவிடுகிறது. நேரம் போதாமல் ஒரு கேள்வி பின்னிணைப்புக்குப் போனால், மொழியும் கூடவே போய்விடுகிறது.

நான் கேட்கும் திருத்தம் பெரிதல்ல. வாய்மொழிக் கேள்விகளுக்கான முதல் பதிலை அன்று காலையிலேயே நான்கு மொழிகளிலும் இணையத்தில் போட்டுவிடலாம். எப்படியும் முன்கூட்டியே தயாராகிவிடுகிற பதில்தானே, அதிகாரிகளுக்குக் கூடுதல் வேலை மொழிபெயர்ப்பு மட்டும்தான். ஒன்றரை மணி நேரம் முழுவதையும் துணைக் கேள்விகளுக்கு விட்டுவிடலாம். முறை வராத கேள்வி தானாகப் பின்னிணைப்புக்குப் போவதற்குப் பதில், அடுத்த அமர்வுப் பட்டியலின் தலையில் வந்து உட்காரட்டும். உறுப்பினர் விரும்பினால் எழுத்துப் பதிலை வாங்கிக்கொள்ளட்டும். இப்போது விதி இருப்பது இதற்கு நேர் எதிராக.

வெளிநாட்டைப் பார்த்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்திய மக்களவையிலும் இதே கதைதான்: நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் (வாய்மொழிப் பதிலுக்கானவை), ஒரு மணி நேரத்தில் பேசப்படுவது அவற்றில் சில, மிச்சம் எழுத்தில். பிரிட்டிஷ் மக்களவை மட்டும் 2007-இல் ஒரு வழி கண்டது. முன்னதாக எழுதித் தராத, அன்றைய நிலவரத்தைப் பற்றிய கேள்விகளுக்கென்று அமைச்சர்களின் கேள்வி நேரத்தில் சில நிமிடங்களை ஒதுக்கியது.

பழையது எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் விவாதிக்கும்போது, "இந்த அமைச்சின் மொத்தத் தொகையில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும்" என்று உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவருவார்கள். பேசி முடித்து, அமைச்சரும் பதில் சொன்ன பிறகு அதை மீட்டுக்கொள்வார்கள். பழங்காலச் சடங்கு மாதிரி தெரியும். ஆனால் ஒரு சின்ன விஷயத்தைக்கூட அமைச்சர் முன்னால் வைத்துப் பேச அது இடம் கொடுக்கிறது. அது இருக்கட்டும்.

விதிகளைத் தொடவே கூடாது என்று நம் மன்றம் ஒருபோதும் இருந்ததில்லை. 1984-இல் தொகுதியில்லா உறுப்பினர் முறை வந்தது, 1990-இல் நியமன உறுப்பினர் முறை வந்தது. கிருமித்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், உறுப்பினர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தபடி மன்றம் கூடலாம் என்று அரசமைப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். 2021 ஜனவரியில் மன்ற அமர்வுகளின் நேரலை வந்தது. அவ்வளவையும் செய்ய முடிந்தவர்களுக்கு நிலையாணை 22(3)-ஐத் திருத்துவது பெரிய வேலையா?

துணைக் கேள்விகளுக்கு நேரம் கூடினால் அரசியல் நாடகமும் கூடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு ஆற்றுபவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைக்கும் அதிகாரம் அவையை நடத்தும் நாடாளுமன்ற நாயகரிடம் இருக்கிறது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். அதற்காகச் சுருக்கமாகக் கேட்கிறவரின் வாய்ப்பு ஏன் போக வேண்டும்?

விதிகளைப் பரிசீலிக்க நாயகர் தலைமையில் நிலையாணைக் குழு ஒன்று இருக்கிறது. அடுத்த மக்கள் சந்திப்புக்குப் போகும்போது, உங்கள் பிரச்சினையோடு இதையும் சேர்த்து உங்கள் உறுப்பினரிடம் சொல்லுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. நான் என் தொகுதி உறுப்பினருக்கு இந்த வாரமே எழுதுகிறேன்.