நாளுக்கு ஒரு சொல்

2020 மார்ச் 24 அன்று இரவு 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, மதுரையில் நான் நடத்தும் சிறிய அச்சகத்தில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கான கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. பாதிக் கட்டுகளை யாரும் வாங்க வரவில்லை. மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்து, அழகரும் வைகையில் இறங்காமற்போன ஆண்டு அது. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாத திருமணத்துக்கு ஐந்நூறு பத்திரிகை அடிக்க யார் வருவார்கள்?

அந்த முதல் வாரத்தில் நானும் ஒரு கால அட்டவணை போட்டேன். காலையில் யோகா, பிறகு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, மதியம் புதிய வடிவமைப்பு மென்பொருள், இரவில் வாசிப்பு. அதை அழகாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டியும் வைத்தேன் (அச்சகக்காரனுக்கு அதில் மட்டும் குறை வராது). ஏப்ரல் 14 அன்று ஊரடங்கு நீட்டிக்கப்பட்டது. மறுநாள் அதைக் கிழித்தேன். சோம்பல் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இன்ன தேதியில் கடை திறக்கும், அதற்குள் இவ்வளவையும் கற்றுவிடலாம் என்ற கணக்கின் மேல்தான் அந்த அட்டவணை முழுவதும் நின்றது. தேதி நகர்ந்ததும் அதற்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

அதன் பிறகு பிடித்துக்கொண்டது தமிழ்ப் பிராமி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறைகளில் தமிழை எழுதிய எழுத்து. எழுத்தை வைத்தே பிழைப்பவன் அதன் பழைய முகத்தைப் பார்த்ததில்லையே என்ற உறுத்தல் நெடுநாளாக இருந்தது. காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஒரு சொல்லைப் படித்துவிட வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்பதே நான் வகுத்துக்கொண்ட ஒரே விதி. நாளை கடை திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒரு சொல்லுக்குத் தடை இல்லை.

எழுத்துகளை அடையாளம் காண்பது கடினமாக இல்லை. கூட்டல் குறிபோல இருப்பது க. வடக்கின் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகிய நான்குக்கும் இங்கே தனி வடிவங்கள் உண்டு. திணறியது உயிர்க்குறியில்தான். மிகப் பழைய கல்வெட்டுகளில் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே கோடு. குறியில்லாத எழுத்து மெய்யாகவே நிற்கும். ஆகவே, இன்றைய கண்ணுக்கு ‘மாகான’ என்று தெரிவதை ‘மகன்’ என்று வாசிக்க வேண்டும். இது பிடிபட எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஐராவதம் மகாதேவன் ஆட்சிப்பணியில் இருந்துகொண்டே 1960களில் குகை குகையாக ஏறி இந்த எழுத்துகளைப் படியெடுத்தவர். அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003இல்தான். அதோடு ஒப்பிட்டால் என் இரண்டு வாரம் எனக்கே சிரிப்பாக இருந்தது.

நெருக்கடியை வாய்ப்பாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என்னிடம் பைண்டிங் செய்த தம்பி அந்த மாதங்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றான். அவனிடம் போய்ப் புதிதாக எதையாவது கற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொந்தக் கட்டடம், வாடகை இல்லை என்பதால்தான் எனக்கு அந்தத் தேநீர் நேரம் வாய்த்தது.

ஆனாலும் அந்தப் பழக்கம் தொழிலிலும் ஒட்டிக்கொண்டது. கல்வெட்டுப் பாடங்களில் சிதைந்த எழுத்து இருக்கும் இடத்தில் புள்ளி வைத்துவிட்டு மேலே செல்வார்கள். ஊகித்து நிரப்பினால் அது ஊகம் என்று காட்டிவிடுவார்கள். மெய்ப்புத் திருத்தும்போது தெரியாத பெயரைத் தெரிந்ததுபோலச் சரிசெய்துவிடுவது என் பழைய குணம். இப்போது அடியில் கோடு போட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் கேட்கிறேன். கடன் தவணை எப்போது அடையும், ஆர்டர் எப்போது திரும்பும் என்று இரவெல்லாம் மனத்துக்குள் கணக்குப் போடுவதும் அப்போதுதான் சற்றுக் குறைந்தது.

2021 தை மாதத்தில் அந்தத் தம்பியையும் அழைத்துக்கொண்டு, மதுரைக்குப் பக்கத்தில் இந்த எழுத்துகள் உள்ள மாங்குளம் மலையேறினேன். மழைநீர் குகைக்குள் இறங்காதபடி வெட்டிய காடியை ஒட்டி எழுத்துகள் ஓடுகின்றன. ‘கணி’ வந்தது, ‘தம்மம்’ வந்தது. பாண்டியனின் பெயர் அங்கே ‘நெடுஞ்சழியன்’ என்று இருக்கிறது. மெய்ப்புத் திருத்தும் கை ஒற்றைக்கொம்பைச் சேர்க்கத் துடித்தது.

“அடுத்து என்னண்ணே எழுதியிருக்கு?” என்றான்.

“இரு தம்பி” என்று சொல்லிவிட்டு, வெயில் படாத பக்கமாக நகர்ந்து நின்று பார்த்தேன்.