அப்ளை அழுத்தியதோடு வேலை முடியவில்லை

கோலாலம்பூரில் சாயங்கால இடிமழைக்குக் கடையில் கரண்ட் டிரிப் ஆவது சாதாரணம். மெயினைத் தூக்கிவிட்டதும் விளக்கு எரியும், வைஃபை வரும், கேமரா மட்டும் வராது. "இடியில கேமரா போச்சு" என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர் புதுக் கேமரா வாங்கக் கிளம்புமுன், கேமரா கேபிள்கள் செருகியிருக்கும் நெட்வொர்க் சுவிட்சின் செட்டிங் பக்கத்தை பிரவுசரில் திறந்து வீலேன் பட்டியலைப் பாருங்கள். ஒரே சுவிட்சை உள்ளே பல தனி நெட்வொர்க்காகப் பிரிப்பதுதான் வீலேன். கேமராவுக்குத் தனி வீலேன் போட்டிருந்தும் இப்போது வீலேன் 1 மட்டும் இருந்தால் கேமரா மேல் தப்பில்லை. செட் பண்ணியவர் சேவ் பண்ணாமல் போயிருக்கிறார்.

பல சுவிட்சுகளில் அப்ளை அழுத்தினால் மாற்றம் அப்போதே வேலை செய்யும், ஆனால் கரண்ட் போனால் அழிந்துவிடும். டிபி-லிங்க் ஈஸி ஸ்மார்ட் வகையில் 'சேவ் கான்ஃபிக்' தனி மெனு. சிஸ்கோவின் சிறு அலுவலக சுவிட்சுகளில் மேலே சேவ் குறி மின்னிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தும் விட்டுவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கமே திறக்கவில்லையா? டிபி-லிங்கின் டிஎல்-எஸ்ஜி108இ போன்றவற்றில் ஐபி, அதாவது பிரவுசரில் அடிக்க வேண்டிய முகவரி, 192.168.0.1. ரூட்டர் கேபிளை முதலில் கழற்றுங்கள். சில ரூட்டர்களுக்கும் இதே ஐபிதான், அப்புறம் ரூட்டர் பக்கம்தான் திறக்கும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்து, 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் போடுங்கள். டி-லிங்கின் பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு 10.90.90.90.

அடுத்து எல்லாரும் தடுக்கி விழும் இடம் பிவிஐடி, அதாவது போர்ட்டுக்குள் வீலேன் எண் இல்லாமல் வருவது எந்த வீலேனுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எண். கேமராக்கள் போர்ட் 5 முதல் 8 வரை, வீலேன் 20 என்று வையுங்கள். அந்த நான்கும் 20-இல் அன்டேக்ட் (வீலேன் எண் ஒட்டாமல் அனுப்பும்), ரூட்டருக்கோ மெயின் சுவிட்சுக்கோ மேலே போகும் போர்ட் 1 டேக்ட் (எண் ஒட்டி அனுப்பும்). இதோடு நிறுத்தினால் கேமரா அனுப்புவது இன்னும் வீலேன் 1-க்குள்தான் விழும், ரெக்கார்டருக்குப் போய்ச் சேராது. பிவிஐடி பக்கம் தனியாக இருக்கும். அங்கே 5-8க்கு 20 போட்ட பிறகு, அந்தப் போர்ட்களை வீலேன் 1-இலிருந்து எடுங்கள். லேப்டாப் செருகிய போர்ட்டை மட்டும் வீலேன் 1-இலிருந்து எடுத்துவிடாதீர்கள். பல சுவிட்சுகளில் பக்கம் செத்துவிடும், வேறு போர்ட்டில் செருகியும் திறக்காவிட்டால் ரீசெட் ஓட்டைக்குள் ஊசி விட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இன்டர்நெட் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் சுவிட்ச் வைப்பவர்கள் வீலேன் 500 (இன்டர்நெட்), 600 (டிவி) இரண்டையும் இரு போர்ட்டிலும் டேக்ட் ஆக்குங்கள். 600 விட்டுப்போனால் இன்டர்நெட் ஓடும், அதன் வழியாக வரும் டிவி ஓடாது.

பாஸ்வேர்டும் பேக்கப் ஃபைலும் கடைக்காரருடைய சொத்து. அவற்றைக் கொடுக்காமல் போவதை நான் ஏற்கவே மாட்டேன். வேலைக்குப் போகும் தம்பிகளே, முதலாளியைப் பக்கத்தில் நிற்க வைத்து சுவிட்சின் அடாப்டரைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகுங்கள். எல்லாக் கேமராவும் திரையில் வந்த பிறகு பில்லைக் கொடுங்கள்.