குரங்கைத்தான் சொல்கிறேன், அண்ணி

வசந்தா: நான் குழந்தையைத் தூக்கிய நேரம் பார்த்து, “தூக்கிக்கொண்டு போனவள் திருப்பித் தரவே மாட்டாள்” என்று உரக்கப் படிக்கிறாயே, அது யாரைக் குறித்து, மாலதி?

மாலதி: குரங்கைத்தான் சொல்கிறேன், அண்ணி. மக்காக் என்னும் குரங்கினக் கூட்டங்களில் உயர்நிலைப் பெண்குரங்கு ஒன்று தாழ்நிலைத் தாயின் குட்டியைப் பறித்துக்கொண்டால், அந்தத் தாய் பின்னாலேயே அலையலாமே தவிர, கைநீட்டி வாங்கிவிட முடியாது; பால் கிடைக்காமல் குட்டி இறந்துபோவதும் உண்டு.

வசந்தா: உயர்நிலை என்று நீயே ஒப்புக்கொண்டாய், சரி.

மாலதி: குரங்கைத்தான் சொல்கிறேன், அண்ணி. பபூன் என்னும் ஆப்பிரிக்கக் குரங்குகளிடம் இந்த விஷயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. குட்டியைத் தொட விரும்புகிறவள் முதலில் தாய்க்குப் பேன் பார்க்க வேண்டும். கூட்டத்தில் குட்டிகள் குறைவாக இருந்தால் இன்னும் அதிக நேரம் பார்க்க வேண்டும்.

வசந்தா: உனக்குப் பேன் இருப்பதை முன்பே சொல்லியிருந்தால் நான் தள்ளி உட்கார்ந்திருப்பேனே!

மாலதி: ராஜஸ்தானின் அபு மலையில் 1970களில் ஆய்வாளர் சாரா ஹர்டி கவனித்த அனுமன் மந்திகளில், பிறந்த அன்றே குட்டி கைமாறத் தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் தாய் நிம்மதியாக மேய்கிறாள். இங்கே அந்த இடைவெளியில் நான் உங்களுக்குச் சமைக்கிறேன்.

வசந்தா: குழந்தை தூக்கப் பழக்கம் வேண்டாமா?

மாலதி: வேண்டும். ஜாம்பியாவின் வெர்வெட் குரங்குகளைப் பற்றி ஆய்வாளர் ஜேன் லங்காஸ்டர் 1971-இல் எழுதியதும் அதுதான்: இன்னும் தாயாகாத இளம் பெண்குரங்குகளே ஆசையாகத் தூக்கிப் பழகுகின்றன. நீங்கள் மூன்று பெற்று வளர்த்தவர்; இனி எதற்குப் பயிற்சி?

வசந்தா: உன் அண்ணன் தூக்கினால் மட்டும் வாயே திறக்க மாட்டாய்.

மாலதி: மொராக்கோ, அல்ஜீரியா மலைகளில் வாழும் பார்பரி மக்காக் ஆண்குரங்குகள், வேறோர் ஆணை நெருங்கும்போது சண்டை மூளாதிருக்கக் கையில் ஒரு குட்டியை ஏந்திக்கொள்ளும். அண்ணனும் இவரிடம் கடன் கேட்க வந்த நாள்களில்தான் குழந்தையைத் தேடுகிறார்.

வசந்தா: அவரையும் குரங்கு என்கிறாயா?

மாலதி: குரங்கைத்தான் சொல்கிறேன், அண்ணி.

வசந்தா: ஐயோ, புடவையை நனைத்துவிட்டான்! இந்தா, பிடி, சீக்கிரம்!

மாலதி: அலுத்துப்போன மந்தியாக இருந்தால் குட்டியைத் தரையில் உதறிவிட்டு நகர்ந்திருக்கும். நீங்கள் கையிலாவது கொடுத்தீர்கள்.

வசந்தா: பார்த்தாயா, நான் எவ்வளவோ மேல்! சரி, துடைத்துவிட்டுக் கொடு, நான் இன்னும் சரியாகக் கொஞ்சவே இல்லை.