தீபாவளி இனாம்

அந்நிய முதலீட்டால்தான் நம் கைக்குச் செல்போன் வந்ததா என்று பேச்சு வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே நான் கேள்வி கேட்ட வீடியோவை ஆளாளுக்கு எனக்கே அனுப்பி, கூடவே சிரிக்கிற பொம்மையும் போட்டால் என்னதான் செய்வது? சரி, பேசிவிடுவோம்.

"வெளிநாட்டுக்காரன் பணம் கொட்டலைன்னா மீன்காரம்மா கையில போன் வந்திருக்குமா?" என்றார் மேடையில் பேசிய அய்யா. ஒரே கைதட்டல். மீன்காரம்மாவை இழுக்காமல் செல்போனைப் பற்றி யாராலும் பேச முடியாது போல.

நான் எழுந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினாரே, நாட்டின் முதல் செல்போன் அழைப்பு, அந்தக் கம்பெனியின் பெயரே மோடி டெல்ஸ்ட்ரா. டெல்ஸ்ட்ரா ஆஸ்திரேலியாக்காரன். அதாவது அந்நிய முதலீடு முதல் நாளே வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம் ஏன் அந்த அம்மா கைக்குப் போன் வரவில்லை? நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல், வருகிற போனை எடுத்தாலும் காசு. அதனால்தான். நான்கு வருடம் கழித்தும் நாடு முழுக்க வைத்திருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு லட்சம் பேர்.

ஏலத்தில் ஏற்றிவிட்ட உரிமக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் கம்பெனிகள் திணறியபோது, வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று அரசு மாற்றியது 1999-ல். பி.எஸ்.என்.எல். செல்போனில் இறங்கியது 2002-ல். இன்கமிங் இலவசமானது 2003-ல். அந்நிய முதலீட்டு வரம்பை 49-லிருந்து 74 சதவீதமாக உயர்த்தியது 2005-ல்தான். அதற்குள் ஐந்து கோடிப் பேர் கையில் போன். பணம் முதலிலேயே வந்தது, விலையை இறக்கியது அரசு மாற்றிய விதிகள். இதைத்தான் சொன்னேன். இதை மட்டும்தான் சொன்னேன்.

"அப்போ டவரெல்லாம் உங்க வீட்டுக் காசுல நட்டாங்களா?" என்பீர்கள். இல்லைதான். ஹட்ச், மேக்சிஸ், டெலினார் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாரும் பணம் போட்டார்கள். வோடபோன் 2012-ல் வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்த பிறகு, அதே வருடம் வரிச் சட்டத்தையே பின்தேதியிட்டுத் திருத்தியது நம் தப்பு. அதைத் தனியாக எழுதுகிறேன். (எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும்.) ஆனால் மேக்சிஸ் 74 சதவீதம் வாங்கிய ஏர்செல் 2018-ல் திவாலானபோது, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற ஜனங்கள் தெருவில் வரிசையாக நின்றார்களே, அன்று இந்தக் கைதட்டலெல்லாம் எங்கே போனது?

இதுவரை கூடப் பரவாயில்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அய்யா ஒரு ஜோக் அடித்தார். "அந்தக் காலத்துல போன் வேலை செய்யாது தம்பி, லைன்மேன் மட்டும் தீபாவளி இனாமுக்கு கரெக்டா வந்துடுவான்." அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் என் நண்பர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில், தெருவோரக் குழியில் முழங்கால் தண்ணீரில் நின்று, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நனைந்த கம்பிகளை ஜோடி ஜோடியாகத் துடைத்துச் சேர்ப்பார். நான் மேலே குடை பிடிப்பேன். குடை அவருக்கு இல்லை, கேபிளுக்கு.

இனாம் வாங்கினாரா? வாங்கினார். பத்து ரூபாய், இருபது ரூபாய். அய்யா வீடும் அப்பாவின் ஏரியாதான். அங்கே இனாம் கிடையாது, காப்பிதான் தருவார்கள் என்பார். அதுவும் வெளித் திண்ணையில்.