பிரியாணி விற்று ஐசியூ நர்ஸை வாங்க முடியாது

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழ்கிற சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உடனே புரியும். இருதயக் குறையோடு பிறந்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிற ஒரு குழந்தையின் படம், கீழே வங்கிக் கணக்கு எண், அப்புறம் சனிக்கிழமை பிரியாணி விற்பனை, ஒரு டப்பா இத்தனை ராண்ட் என்று அறிவிப்பு. கோயில் பெண்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து சமைக்கிறார்கள், பையன்கள் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த அடுப்படியில் நின்று வெங்காயம் அரிகிறவள்தான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பிள்ளையைத் தனியார் ஆஸ்பத்திரிக்கோ சென்னைக்கோ அனுப்பலாம், அவ்வளவுதான். அதே வியாதியோடு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கு, ஜூலு வீட்டுப் பிள்ளையானாலும் நம் வீட்டுப் பிள்ளையானாலும், அதனால் காத்திருப்பு ஒரு நாள்கூடக் குறையாது.

பிறக்கிற ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இருதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். எந்த நாட்டிலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். அம்மா கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று இன்னும் சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், தயவுசெய்து அந்தத் தாயின் காதுபட அதைச் சொல்லாதீர்கள், அவள் படுகிற பாடே போதும். பல ஓட்டைகள் சின்னவை, தானாகவே மூடிக்கொள்ளும். நாலில் ஒரு பங்குக்கு முதல் வயதுக்குள்ளேயே ஆபரேஷனோ, ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுச் செய்கிற கதீட்டர் சிகிச்சையோ வேண்டியிருக்கும்.

காத்திருப்பதால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால் போக வேண்டியதைவிட மிக அதிகமாக ரத்தம் நுரையீரலுக்குப் பாய்கிறது. அந்த அழுத்தத்தில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து இறுகுகின்றன. ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் ஓட்டையை மூடவே கூடாது, மூடினால் பிள்ளைக்கு ஆபத்து. அதாவது முதல் வயதில் சரிசெய்திருக்கக்கூடிய ஒன்று, வரிசையில் நிற்கும்போதே சரிசெய்ய முடியாததாக மாறிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரிக்கிற பிள்ளைகளின் கதை வேறு, அவர்களுக்கு ஒவ்வொரு மூச்சுத்திணறலும் கண்டம்தான்.

என் தங்கை மகளின் பிள்ளைக்கு இந்த ஓட்டைதான். பிறந்தபோது நல்ல எடை. இரண்டு மாதம் ஆவதற்குள், "பெரியம்மா, பால் குடிக்கும்போது இவனுக்குத் தலையெல்லாம் நனைஞ்சு போகுது, ரெண்டு வாய் குடிக்கிறான், மூச்சு வாங்குது, விட்டுடுறான்" என்று சொன்னாள். கிளினிக்கில் சளி என்று சிரப் கொடுத்து அனுப்பினார்கள், மறுபடி போனபோதும் அதேதான். பிறகு ஒரு இளம் டாக்டர், பிள்ளையின் எடையையும் வளர்ச்சியையும் குறித்துவைக்கிற அந்த 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தைத் திறந்து எடைப் பக்கத்தைப் பார்த்தார். புள்ளிகள் முதலில் நடுக்கோட்டில் இருந்தன, அப்புறம் அதற்குக் கீழ்க்கோடு, அப்புறம் அதற்கும் கீழே. எல்லாப் புள்ளியையும் அந்தக் கிளினிக்கில்தான் பேனாவால் வைத்திருந்தார்கள், சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்ட உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார். இன்று பிள்ளை ஆபரேஷன் முடிந்து ஓடி விளையாடுகிறான், முருகன் புண்ணியம், அந்த டாக்டரின் புண்ணியமும்தான். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பால் குடிக்கையில் வேர்த்தால், எடைக்கோடு ஏறாமல் நின்றால், சளி என்று சொன்னாலும் விடாதீர்கள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள் என்று டாக்டரிடம் சொல்லி அங்கேயே உட்காருங்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் அரசு வழியில் போனால் போய்ச் சேர வேண்டிய இடம் டர்பனில் கேட்டோ மேனர் பக்கம் இருக்கிற ஆல்பர்ட் லுதுலி ஆஸ்பத்திரி. 2002-இல் திறந்தது, வேறு ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி அனுப்பினால்தான் எடுப்பார்கள். ஒரு கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற மாகாணம் இது. முதன்முதலில் மனித இருதயத்தை மாற்றி வைத்த நாடு, 1967 டிசம்பர் 3, கேப் டவுன், குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரி. அந்தப் பெருமையை நாம் இன்னும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. குழந்தை இருதய ஆபரேஷனுக்குச் சர்ஜன் மட்டும் போதாது, மயக்க மருந்து டாக்டர் வேண்டும், ஆபரேஷன் நேரத்தில் இருதயத்தின் வேலையைச் செய்கிற எந்திரத்தை ஓட்ட ஆள் வேண்டும், எல்லாம் முடிந்து வெளியே வந்த பிள்ளைக்கு ராப்பகலாக ஐசியூவில் ஒரு பிள்ளைக்கு ஒரு நர்ஸ் என்று வேண்டும். அந்தப் பயிற்சி உள்ள நர்ஸ்களை இங்கிலாந்தும் வளைகுடாவும் கூப்பிட்டுக்கொள்கின்றன, இங்கே காலியான வேலைகளை நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். படுக்கை இருக்கும், பக்கத்தில் நிற்க நர்ஸ் இருக்காது, தேதி தள்ளிப்போகும். (சொத்தைப் பல்லாலும் தேதி தள்ளும், அதிலிருந்து கிருமி இருதயத்துக்குப் போகும் என்பதால். பாட்டிலில் சர்க்கரைத் தேநீர் கொடுக்கிற பழக்கத்தை விடுங்கள், இது நம் கையில் இருக்கிறது.)

ஜோகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலா பெயரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி 2016 கடைசியில் திறந்தார்கள். சுமார் 100 கோடி ராண்ட் நன்கொடையில் கட்டியது. கட்டடம் எழுந்துவிட்டது, ஆனால் வார்டுகளை ஒவ்வொன்றாகத்தான் திறக்க முடிந்தது. நன்கொடை ஒரு தடவை வரும், சம்பளம் மாதாமாதம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது அரசாங்கம். 1994-இல் பதவிக்கு வந்த உடனே மண்டேலா ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அரசு வைத்தியம் இலவசம் என்றார். வரிசையிலேயே வயது போய்விட்டால் இலவசம் என்பதற்கு என்ன அர்த்தம்?

ஆகவே நான் கேட்பது இதுதான். இருதய ஆபரேஷனுக்கு எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், எத்தனை மாதமாக, குழந்தை ஐசியூவில் எத்தனை நர்ஸ் வேலை காலி, இந்தக் கணக்கை மாகாண சுகாதாரத் துறை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிடட்டும். பிள்ளை பெற்ற தாயை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் குழந்தையின் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்க்கிற அந்தச் சின்னக் கிளிப்பை ஒரு நிமிஷம் மாட்டிப் பார்க்கட்டும், எல்லா ஆஸ்பத்திரியிலும், விதிவிலக்கில்லாமல். அமெரிக்காவில் 2011-லேயே இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எல்லாக் குறையும் அதில் தெரியாது, என் தங்கை பேரனுக்கு இருந்த ஓட்டைகூடத் தப்பியிருக்கும். நீலம் பாரிக்கிற பிள்ளைகள் பலரை அது பிடித்துக் கொடுக்கும்.

வார்டு கவுன்சிலரிடம் போய் நிற்காதீர்கள், ஆஸ்பத்திரி மாகாணத்தினுடையது, கேட்க வேண்டிய இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிற மாகாண சட்டமன்றம். இதையெல்லாம் கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதத்தை ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டோம். அடுத்த பிரியாணி விற்பனையில் டப்பா வாங்குகிற மேசையிலேயே கையெழுத்துத் தாளையும் வைக்கப்போகிறோம், வாங்குகிற ஒவ்வொருவரும் போட்டுவிட்டுப் போங்கள்.