மாமாவோட 555 புக்குல இல்லாத கணக்கு

தீபாவளி லீவுக்கு மலேசியா பினாங்குல இருக்குற நிபோங் திபால்ல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னெண்டு மாடு வச்சிருக்காரு, விடிகாலை நாலரைக்கே அவரும் அத்தையும் எழுந்து கறந்து, மோட்டர் சைக்கிள்ல தாமான் தாமானா (குடியிருப்புகளுக்கு) கொண்டு போய் ஊத்துறாங்க, லிட்டர் ஆறு வெள்ளி (ரிங்கிட்).

லிட்டருக்கு என்ன செலவாகுது மாமான்னு கேட்டேன். "ஒண்ணரை வெள்ளிகூட வராதுடா"ன்னு 555 புக்க, அதான் அந்தச் சின்னக் கணக்கு நோட்ட, எடுத்துக் காட்டுனாரு. சாணி விரல் பட்ட பக்கம், பென்சில்ல 7 x 11 = 77ன்னு எழுதியிருந்துச்சு. ஏழு மாடு கறக்குது, மாட்டுக்கு ஒரு நாளைக்கு 11 வெள்ளி தீனி, பால் 56 லிட்டர், அவ்ளோதான் கணக்கு.

பால் வத்தி நிக்கிற மத்த அஞ்சு மாடு? அதுங்களும் திங்குதுல்ல! நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு பாக்குறேன், அங்க மெஷின் சும்மா நின்னாக்கூட அதுக்கும் செலவு எழுதுவோம். பன்னெண்டு மாட்டுக்கும் போட்டா 132, பெட்ரோல் மருந்து எல்லாம் சேத்து 170, லிட்டருக்கு மூணு வெள்ளி ஆச்சு. அப்புறம் ரெண்டு பேர் உழைப்பு. "எங்களுக்கு எதுக்குடா சம்பளம்"ன்னாரு. நாட்டுல குறைஞ்சபட்ச சம்பளமே மாசம் 1,700 வெள்ளி, ரெண்டு பேருக்கும் அதையே போட்டுப் பாத்தா லிட்டருக்கு இன்னும் ரெண்டு வெள்ளி ஏறிடுச்சு. மிச்சம் 94 காசு, கொட்டகைத் தகரம் மாத்துறதும் கன்னு செத்தா வர்ற நஷ்டமும் அதுக்குள்ளதான். முழங்கால் வலியோட பால் சட்டி தூக்குற அத்தைக்கு இத்தனை வருஷமா ஒரு காசு எழுதல, எனக்கு மனசே ஆறல.

சோளம், சோயா எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வருது, டாலர் ஏறுனா தீனி விலையும் ஏறும், அது நம்ம கையில இல்ல. ஆனா வத்துன மாடு எத்தனை நாள் சும்மா நிக்குதுங்கிறது நம்ம கையிலதான் இருக்கு. மாடு பருவத்துக்கு வர்றத ஒரு தடவை கவனிக்காம விட்டா அடுத்தது 21 நாள் கழிச்சுத்தான், அதுக்குள்ள 231 வெள்ளி தீனி போயிடும். தைப்பூசத்துக்குத் தண்ணிமலை முருகன் கோயில் பால்குடத்துக்கு எல்லாரும் மாமாவுக்குத்தான் போன் அடிக்கிறாங்க, அப்ப பால் நிறைய வேணும்னா முந்தின வருஷம் மார்ச் மாசமே சினை ஊசி போட்டிருக்கணும், மாடு ஒம்பது மாசத்துக்கு மேல சுமக்குது, கன்னு போட்டாத்தான் பால்.

இப்ப கொட்டகைத் தூண்ல ஒவ்வொரு மாடும் பருவத்துக்கு வர்ற தேதிய சாக்பீஸ்ல எழுதி வைக்கிறாரு. அடுத்த மாசத்துலேர்ந்து லிட்டர் ஏழு வெள்ளி கேக்கப் போறாரு. நம்ம தாமான் ஆளுங்க யாரும் அவர்கிட்ட பேரம் பேசாதீங்க, ப்ளீஸ்.